ஏசி பஸ்ஸால இறங்கினதும் கை தடிக்குதோ? குளிர் அலர்ஜிக்கு முழு வழிகாட்டி

கொழும்பில இருந்துகொண்டு "எனக்குக் குளிர் அலர்ஜி" எண்டு சொன்னால் சனம் சிரிக்கும். வருஷம் முழுக்க 27, 28 டிகிரியில வேர்த்து வழியிற ஊரில குளிர் எங்கயிருந்து வந்தது எண்டு கேப்பினம். எங்கட வீட்டிலயும் அதே கதைதான். எனக்கு முதல்முதல் உடம்பு தடிச்ச நேரம் அம்மா கேட்டது "மத்தியானம் என்ன சாப்பிட்டனி?" எண்டுதான். அண்டைக்கு றால் குழம்பு. முடிஞ்சுது கதை. றாலை நிப்பாட்டி, பிறகு கத்தரிக்காய், அன்னாசி, தக்காளி, கணவாய், முட்டை எண்டு ஒவ்வொண்டா நிப்பாட்டி ஏழு மாசம் பருப்பும் சோறும்தான், தடிப்பு மட்டும் தன்ரபாட்டில வந்துகொண்டே இருந்தது.

பிடிபட்டது ஒரு பஸ்ஸில. கோட்டையில இருந்து வெள்ளவத்தைக்கு ஏசி பஸ்ஸில வாறன், தலைக்கு மேல இருக்கிற அந்த ஏசி ஓட்டையை மூடுற மூடி உடைஞ்சு போய் காத்து முழுக்க என்ர வலது கையில அடிக்குது. இறங்கி வெயில்ல ஒரு அஞ்சு நிமிஷம் நிண்டிருப்பன், கை கடிக்கத் தொடங்கிச்சு. பார்த்தால் சட்டைக் கை முடியிற இடத்தில கோடு கீறின மாதிரி, அதுக்கு மேல ஒண்டுமே இல்லை, கீழ மணிக்கட்டு வரைக்கும் நுளம்பு கடிச்ச மாதிரி சின்னச் சின்னதா எழும்பி, ஒண்டோட ஒண்டு சேந்து, கொஞ்ச நேரத்தில முழுக்கையும் சிவந்து மொத்தமாப் போச்சு. மணிக்கூட்டு வார் கட்டியிருந்த இடம் மட்டும் தப்பி இருந்தது. இடது கையில ஒரு புள்ளி இல்லை. றால் சாப்பிட்டால் வலது கைக்கு மட்டுமோ போகும்?

நான் டொக்டர் இல்லை. எனக்கு வந்ததால கிளினிக்கில கேட்டு, வாசிச்சுத் தெரிஞ்சுகொண்டதை ஒழுங்கா எழுதி வைக்கிறன், மருந்து அளவெல்லாம் உங்கட டொக்டரிட்டக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேணும்.

முதல்ல, உள்ளுக்க என்ன நடக்குது

எங்கட பழைய ஆக்கள் காணாக்கடி எண்டு சொல்லுறது இந்தத் தடிப்பைத்தான். தோலுக்குள்ள மாஸ்ட் செல் எண்டு ஒரு கலம் இருக்கு, அதுக்குள்ள ஹிஸ்டமின் எண்ட ரசாயனம் நிரம்பி இருக்கும். எங்களைப் போல ஆக்களுக்கு தோல் குளிர்ந்தால் அந்தக் கலம் ஏதோ எதிரி வந்திட்டான் எண்டு நினைச்சு ஹிஸ்டமினை வெளிய கொட்டிவிடும், உடனே அந்த இடத்து நரம்பு கடிக்கும், ரத்தக் குழாயில இருந்து நீர் கசிஞ்சு தோல் வீங்கும். அவ்வளவுதான் விஷயம். குளிர் பட்ட சில நிமிஷத்தில வரும், கனதரம் குளிர் நிண்டு தோல் திரும்பச் சூடேறுற நேரத்திலதான் வெடிச்சு வரும். அதாலதான் பஸ்ஸுக்குள்ள ஒண்டும் தெரியாமல் இறங்கினாப் பிறகு வெயில்ல வருது, நாங்களும் வெயிலைத் திட்டுறம். பொதுவா ஒரு மணித்தியாலம், மிஞ்சிப்போனால் ரெண்டு, பிறகு ஒரு அடையாளமும் இல்லாமல் மறைஞ்சிடும். டொக்டரிட்டக் காட்டப் போகேக்க கை பளிச்செண்டு இருக்கும், அது வேற பிரச்சினை.

இதில விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், குளிர் எண்டால் பனி கொட்ட வேணும் எண்டில்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எல்லை வெப்பநிலை இருக்கு. ஒருத்தருக்கு ஐஸ் கட்டி நேர பட்டால்தான் வரும், இன்னொருத்தருக்கு 20 டிகிரி காத்தே காணும். ஈரத் தோலில காத்து அடிச்சால் ஈரம் காயேக்க தோல் இன்னும் குளிரும், அதால 27 டிகிரி கொழும்பிலயும் மழையில நனைஞ்சு மோட்டச்சைக்கிள் ஓடினால் தடிக்கிறது அதிசயமே இல்லை.

படி 1: எந்தக் குளிர் எண்டு எழுதி வையுங்கோ

ரெண்டு கிழமைக்கு போன்ல ஒரு நோட் துறந்து, தடிப்பு வந்த ஒவ்வொரு தரமும் நாலு விஷயம் எழுதுங்கோ: எங்க நிண்டனீங்கள், எவ்வளவு நேரம், தடிப்பு உடம்பில எந்த இடம், எத்தினை மணிக்குப் போச்சு. சாப்பாட்டையும் எழுதுங்கோ, பிறகு அம்மாவுக்குக் காட்ட உதவும். போட்டோ கட்டாயம் எடுங்கோ, அதுவும் தடிப்பு எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு தெரியிற மாதிரி. துணி மூடின இடம் தப்பியிருக்கோ எண்டதுதான் பெரிய துப்பு.

கொழும்பில நான் கண்ட இடங்களைச் சொல்லுறன், உங்கட பட்டியல் வேறயா இருக்கலாம். ஒபிஸில 18இல போட்டு வைக்கிற ஏசி, சுப்பர்மார்க்கெட்டில உறைஞ்ச கோழி எடுக்கிற பெட்டி, பிரிஜ்ஜில இருந்து எடுத்த மீனைத் தண்ணியில கழுவிற நேரம் உள்ளங்கை (இது சமைக்கிற ஆக்களுக்குத்தான் கூட வரும், சவர்க்காரம் ஒத்துக்கொள்ளேல்ல எண்டு நினைச்சுக்கொண்டிருப்பினம்), புறக்கோட்டையில குடிச்ச ஐஸ் போட்ட பலூடாவுக்குப் பிறகு தடிச்ச சொண்டு, ஒக்டோபர் மழைக்க ஓட்டோவில பக்கத்தால அடிச்ச சாரல், காலிமுகத்திடலில கடலுக்க கால் நனைச்சிட்டு காத்தில நிண்டது. யாழ்ப்பாணம் போற ராத்திரி ஏசி பஸ்ஸைப் பற்றி தனியா ஒரு புத்தகமே எழுதலாம், அந்த டிரைவர்மாருக்கு எங்களில என்ன கோவமோ தெரியாது.

படி 2: வேற ஏதாவதோ எண்டு பாருங்கோ

எல்லாத் தடிப்பும் குளிரால இல்லை. வேர்க்கேக்க, ஓடேக்க, சுடுதண்ணியில குளிக்கேக்க குண்டூசித் தலை அளவில பொடிப் பொடியா வந்தால் அது உடம்புச் சூட்டால வாற வேற வகை. நகத்தால கீறினால் கீறின கோடு அப்பிடியே எழும்பினால் அதுவும் வேற. குளிரில விரல் நுனி வெள்ளையா, நீலமாப் போய் விறைச்சு வலிச்சால் அது ரத்தக் குழாய் சுருங்கிற பிரச்சினை, தடிப்பு இல்லை.

ஒரே தடிப்பு 24 மணித்தியாலத்துக்கு மேல அதே இடத்தில நிண்டு, கடிக்கிறதை விட எரிஞ்சு, போகேக்க கண்டல் மாதிரிக் கறுப்பு விட்டுட்டுப் போனால் அதைக் காணாக்கடி எண்டு விடக்கூடாது, ரத்தக் குழாய் அழற்சியா இருக்கலாம், தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. அதே மாதிரி சின்ன வயசில இருந்தே குளிர் காத்துப் பட்டு சில மணித்தியாலம் கழிச்சு தடிப்போட காய்ச்சல், மூட்டு நோ எல்லாம் வந்து, வீட்டில அப்பாவுக்கோ மாமிக்கோ இதே கதை இருந்தால் அது பரம்பரையா வாற ஒரு வருத்தம், ஐஸ் டெஸ்ட்டில பிடிபடாது, வைத்தியமும் வேற. அரிதுதான், ஆனால் சொல்லாமல் விட்டால் டொக்டருக்குத் தெரியப்போறதில்லை.

படி 3: ஐஸ் டெஸ்ட்

இதுதான் உண்மையைச் சொல்லுற டெஸ்ட், செலவும் இல்லை. ஐஸ் கட்டியை ஒரு மெல்லிய பொலித்தீன் பையில போட்டு முன்கையின்ர உள்பக்கத்தில 5 நிமிஷம் வைப்பினம், எடுத்திட்டு இன்னும் 10 நிமிஷம் பொறுத்துப் பார்ப்பினம். பை எதுக்கெண்டால் தண்ணி நேர பட்டு குழப்பக்கூடாது எண்டுதான். சும்மா சிவந்தால் அது எல்லாருக்கும் வரும், கணக்கில்லை. ஐஸ் இருந்த அளவுக்கே தோல் எழும்பி நிண்டால் அதுதான். என்ர கையில ஐஸை எடுத்தாப் பிறகு முதல் ரெண்டு நிமிஷம் ஒரு ஈரச் சிவப்பு மட்டும்தான், நர்ஸும் போனைப் பார்க்கத் தொடங்கிட்டா, பிறகு மெதுவா நடுவில இருந்து வெளுத்து, ஓரம் சிவந்து, பிரிஜ் தட்டில இருக்கிற ஐஸ் கட்டியின்ர நாலு மூலையும் அப்பிடியே அச்சடிச்ச மாதிரி எழும்பிச்சு. ஏழு மாசம் றாலைக் குற்றம் சொன்னதுக்கு பதில் ஒரு சதுரத்தில கிடைச்சது.

இதை வீட்டில செய்து பார்க்கலாமோ எண்டு கேப்பீங்கள். என்ர பதில், வேண்டாம். முக்கியமா முன்னம் ஒருக்காலாவது தலைசுத்து, மூச்சிழுப்பு, தொண்டை வீக்கம் வந்தவை வீட்டில தொடவே கூடாது, கிளினிக்கில எண்டால் ஊசி மருந்து பக்கத்தில இருக்கும். இன்னொண்டு, டெஸ்ட்டுக்கு முதல் குறைஞ்சது 3 நாள் அலர்ஜி மாத்திரை நிப்பாட்ட வேணும், எவ்வளவு நாள் எண்டதை டொக்டர் சொல்லுவார். பிரிட்டன் எண்ட அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் "ஒண்டும் வரேல்ல" எண்டு திரும்பி வந்த ஆக்களை எனக்குத் தெரியும். ஐஸ் டெஸ்ட்டில வராட்டிலும் குளிர் வருத்தம் இல்லவே இல்லை எண்டு அர்த்தமில்லை, சிலருக்கு உடம்பு முழுக்கக் குளிர்ந்தால்தான் வரும், அதுக்குத்தான் அந்த போன் நோட்டும் போட்டோவும்.

பிறகு எத்தினை நிமிஷத்தில வருது எண்டும் பார்ப்பினம். குறைஞ்ச நிமிஷத்தில வந்தால் நோய் கடுமை. எனக்கு முதல் தரம் 1 நிமிஷமே காணும்.

படி 4: ஆரிட்டப் போறது

தேசிய வைத்தியசாலையில தோல் கிளினிக் இருக்கு, பிள்ளையள் எண்டால் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில அலர்ஜி சம்பந்தமான பகுதி இருக்கு. முதல்ல உங்கட குடும்ப டொக்டரிட்டப் போய் கடிதம் எடுத்துக்கொண்டு போறது நேரம் மிச்சம். "உடம்பு கடிக்குது" எண்டு தொடங்காதேங்கோ, "குளிர் பட்ட இடத்தில மட்டும் தடிக்குது, ஒரு மணித்தியாலத்தில போகுது" எண்டு தொடங்குங்கோ, போட்டோவைக் காட்டுங்கோ. நான் முதல் போன ஒரு இடத்தில நான் வாயைத் துறக்க முதலே பூச்சி மருந்து எழுதித் தந்தவை, பிழை என்னிலயும்தான், கதையை ஒழுங்காச் சொல்லேல்ல.

கனபேருக்கு ஒரு காரணமும் பிடிபடாது, தன்பாட்டில வந்ததுதான். கொஞ்சப் பேருக்கு மட்டும் பின்னால வேற வருத்தம் இருக்கும்: ஹெப்படைட்டிஸ் பி, சி மாதிரித் தொற்று, அல்லது ரத்தத்தில குளிரில உறையிற கிரயோகுளோபுலின் எண்ட புரதம். அதுக்கு ரத்தம் பார்க்கலாம், ஆனால் எல்லாருக்கும் தேவையில்லை, உடம்பு மெலிவு, காய்ச்சல், மூட்டு நோ, தோலில ஊதாப் புள்ளி மாதிரி வேற ஏதும் இருந்தால்தான். சாப்பாட்டு அலர்ஜிக்கு எண்டு முழுப் பட்டியல் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஆரும் சொன்னால் ஏன் எண்டு கேளுங்கோ, அந்தக் காசுக்கு எத்தினையோ கிலோ றால் வாங்கலாம்.

படி 5: மாத்திரை

அடிப்படை மருந்து நித்திரை வராத புது வகை அன்டிஹிஸ்டமின்: செற்றிரிசின் 10 மில்லிகிராம், லொராட்டடின் 10, பெக்ஸோபெனடின் 180, பிலாஸ்டின் 20, இதில ஒண்டு. இதைத் தடிப்பு வந்தாப் பிறகு போடுறதை விட தினம் போடுறதுதான் வேலை செய்யும், ஏனெண்டால் ஹிஸ்டமின் வந்து இருக்கிற கதிரையில மருந்து முதலே போய் இருக்க வேணும். கதிரை பிடிபட்டாப் பிறகு வந்து என்ன பிரயோசனம்.

ஒண்டு காணாட்டில் டொக்டர் கூட்டுவார். இந்த வருத்தத்துக்கு சாதாரண அளவின்ர நாலு மடங்கு வரைக்கும் கூட்டலாம் எண்டு தோல் வைத்தியரின்ர வழிகாட்டிகளில இருக்கு, ஆனால் அதை நீங்களாப் பார்மசியில வாங்கிக் கூட்டக்கூடாது, சிறுநீரகம், ஈரல், இதயம் எல்லாம் பார்த்துத்தான் கூட்டுவினம். கர்ப்பிணிகள், பால் குடுக்கிறவை கட்டாயம் கேட்டிட்டுத்தான். பிலாஸ்டினை வெறும் வயித்தில போட வேணும், சாப்பிட முதல் ஒரு மணித்தியாலம் அல்லது சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம். பெக்ஸோபெனடினை தோடம்பழ ஜூஸோட குடிச்சால் உடம்பு சரியா எடுக்காது, தண்ணியோட குடியுங்கோ. இது தெரியாமல் மருந்து வேலை செய்யேல்ல எண்டு விட்டவை இருக்கினம்.

பிரிட்டன் பற்றி ஒரு வார்த்தை. எங்கட ஊரில எல்லார் வீட்டு லாச்சியிலயும் அந்த மஞ்சள் மாத்திரை இருக்கும், மலிவு, ஆனால் நித்திரை தூங்கும், போட்டிட்டு மோட்டச்சைக்கிள் ஓடக்கூடாது, தினம் போடுற மருந்து அது இல்லை. பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் மாத்திரை போட்டால் உடன சுகம் மாதிரி இருக்கும், மாசக்கணக்கில போட்டால் சீனி, பிரஷர், எலும்பு எண்டு வேற கடன் ஏறும். அன்டிஹிஸ்டமின் கூட்டியும் அடங்காதவைக்கு ஒமலிசுமப் எண்ட ஊசி இருக்கு, வழக்கமா 4 கிழமைக்கு ஒருக்கா போடுறது, நல்லா வேலை செய்யும், விலைதான் தலையில இடி.

ஒரு பெரிய பிழையையும் இதிலயே சொல்லிவிடுறன். தடிப்புக்கு ஐஸ் ஒத்தடம் குடுங்கோ எண்டு எல்லா இடத்திலயும் போட்டிருக்கும். சாதாரணத் தடிப்புக்குச் சரி. எங்களுக்கு அது எரியிற நெருப்புக்கு மண்ணெண்ணெய். ஈரத் துவாயும் வேண்டாம். கையைத் துடைச்சு, காய்ஞ்ச துணியால மூடி, அறையின்ர சூட்டில மெதுவா இருக்க விடுங்கோ. வேப்பிலை தடவுறது, வெத்திலையில மிளகு வைச்சுத் தாறது எல்லாம் எனக்கும் நடந்தது, ஒரு மணித்தியாலத்தில தானாப் போற தடிப்பு ஒரு மணித்தியாலத்தில போச்சு, பெயர் மிளகுக்கு.

படி 6: தண்ணி. இதை மட்டுமாவது முழுக்க வாசியுங்கோ

கை தடிச்சால் கரைச்சல், அவ்வளவுதான். முழு உடம்பும் ஒரே நேரம் குளிர்ந்தால் முழு உடம்பிலயும் ஹிஸ்டமின் கொட்டும், பிரஷர் விழும், மயக்கம் வரும். அது தண்ணிக்குள்ள நடந்தால் மூழ்கிப் போறதுதான். இந்த வருத்தத்தில ஆக்கள் சாகிறது பெரும்பாலும் இப்பிடித்தான். கொழும்புக் கடல் வெதுவெதுப்பு எண்டாலும் உங்கட எல்லை எங்க எண்டு தெரியாமல் கல்கிசையில பாய வேண்டாம். மலைநாட்டு அருவி, கித்துல்கலை ஆறு, நுவரெலியாவில ராத்திரி தொட்டியில நிண்ட தண்ணி, இதெல்லாம் வேற கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஜனவரி, பெப்ரவரியில சிலநாள் புல்லில உறைபனியே பிடிக்கும்.

தனிய நீந்தாதேங்கோ. டொக்டர் சரி சொன்னாலும் முதல்ல கையை மட்டும் தண்ணியில வைச்சு அஞ்சு நிமிஷம், வெளிய எடுத்து பத்து நிமிஷம் பாருங்கோ, பக்கத்தில நிக்கிற ஆளுக்கு இந்த வருத்தம் தெரிஞ்சிருக்க வேணும். மாத்திரை போட்டிருக்கிறன் எண்ட தைரியத்தில பாயிறதுதான் எனக்குப் பயம், மாத்திரை தடிப்பைக் குறைக்கும், உள்ளுக்க நடக்கிறதை முழுக்க நிப்பாட்டும் எண்டு உத்தரவாதமில்லை.

மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், நாக்கு தொண்டை வீங்கினால், தலை சுத்தி விழப் பார்த்தால், தடிப்போட வாந்தி வயித்து நோ வந்தால் அது அனபிலக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அந்த ஆளை நடக்க விடாதேங்கோ, குளிரில இருந்து எடுத்து, ஈரத்தைக் கழட்டி, போர்வையால மூடி, படுக்க வைச்சுக் காலை உயர்த்துங்கோ, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் சாய்ஞ்சு இருக்க விடுங்கோ. டொக்டர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் தொடையின்ர வெளிப்பக்கத்தில உடன போடுங்கோ, செற்றிரிசின் போட்டு பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அது இல்லை. 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஒருக்கா இப்பிடி வந்தவை அந்த ஊசியைக் கையோட வைச்சிருக்கிறதைப் பற்றி டொக்டரோட கட்டாயம் கதையுங்கோ.

ஐஸ் தண்ணி, ஐஸ்கிறீம் குடிச்சு ஒருக்கா சொண்டோ தொண்டையோ வீங்கினால் அதையும் இந்தப் பட்டியலில சேருங்கோ. பிரிஜ் தண்ணியை அரை மணித்தியாலம் வெளிய வைச்சுக் குடிச்சால் ஒண்டும் குறையாது.

படி 7: தினசரி சமாளிப்பு

பையில ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு சால்வை எப்பவும் கிடக்கட்டும். ஏசி பஸ்ஸில காத்து நேர அடிக்காத சீட் எடுங்கோ, ஓட்டையை மூட ஏலாட்டில் கடதாசியைத் திணிச்சாலும் பரவாயில்லை. ஒபிஸில "24இல வையுங்கோ" எண்டு கேக்க வெக்கப்படாதேங்கோ, நான் போட்டோவைக் காட்டித்தான் கேட்டனான், அதுக்குப் பிறகு ரிமோட் என்ர மேசையிலதான். உறைஞ்ச மீனைத் துணிக் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை போட்டுக் கழுவுங்கோ. மழைக்கோட் முழங்காலோட முடியிறது வேண்டாம், காற்சட்டையும் சேந்த செட் வாங்குங்கோ, எனக்கு நனைஞ்ச தொடை ரெண்டும்தான் முதல் தடிக்கிறது. குளிச்சு முடிஞ்சு ஈரத்தோட பேனுக்குக் கீழ நிக்கிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை போகும்.

தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பச்சைத் தண்ணியில குளிச்சு உடம்பைப் பழக்கலாம் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். அப்பிடி ஒரு முறை இருக்கிறது உண்மை, ஆனால் ஹொஸ்பிட்டலில பார்த்துப் பார்த்துச் செய்யிறது. குளியலறையைப் பூட்டிப்போட்டு தனியச் செய்யிற வேலை இல்லை.

படி 8: ஒப்பரேஷன், பயணம்

ஒப்பரேஷன் எண்டால் மயக்க மருந்து குடுக்கிற டொக்டருக்கு முதலே சொல்லுங்கோ, வாயால மட்டும் இல்லை, எழுதியும் குடுங்கோ. தியேட்டர் குளிர், ஏத்துற சேலைனும் குளிர், நீங்கள் மயக்கத்தில கிடக்கேக்க சொல்ல ஆளில்லை. தெரிஞ்சால் சேலைனைச் சூடாக்கி, போர்வை போட்டுச் செய்வினம். கனடாவில சொந்தம் இருக்கிறவை குளிர்காலத்தில போறதுக்கு முதல் மருந்து அளவைக் கதைச்சிட்டுப் போங்கோ, அங்க முகமும் காதும்தான் மாட்டும், எயார்போர்ட் கதவு துறந்து கார் வரைக்கும் நடக்கிற தூரமே காணும்.

எவ்வளவு நாளைக்கு இருக்கும் எண்டதுதான் எல்லாரும் கேக்கிறது. சில வருஷத்தில தானாக் குறைஞ்சவையும் இருக்கினம், பத்து வருஷம் தாண்டியும் இழுக்கிறவையும் இருக்கினம். ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப ஐஸ் டெஸ்ட் செய்து பார்த்துத்தான் மாத்திரையைக் குறைக்கிறதோ எண்டு முடிவெடுப்பினம். எனக்கு இது மூண்டாவது வருஷம். போன தரம் 1 நிமிஷத்துக்கு வரேல்ல, 3 நிமிஷத்துக்கும் வரேல்ல, 5 நிமிஷத்துக்கு அதே சதுரம் வந்தது, ஆனால் மூலை மழுங்கி இருந்தது. மாத்திரை இன்னும் போகுது. றாலும் போகுது.